யார் இழுத்தது?

எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சாரத்தில் நிற்கும் கொத்தனார் அடிக்கடி தூக்குக்குண்டை இறக்கிச் சுவரைச் சோதிக்கிறார். நூலின் மேல்பக்கம் குண்டின் குறுக்களவுக்குச் சரியாக ஒரு சின்ன மரக்கட்டை. அந்தக் கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் சுவர் நம் பக்கம் சாய்கிறது. குண்டு சுவரில் படுத்துக்கொண்டால் பின்பக்கம் போகிறது. ஆட்டம் அடங்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

நூல் பூமியின் மையத்தை நோக்கித் தொங்குகிறது என்று படித்திருக்கிறோம். வீடு கட்ட அந்த அறிவு தாராளமாகப் போதும். (பூமி சுழல்வதால் வரும் விலகல் தனிக்கதை; அதை இங்கே விட்டுவிடலாம்.) ஆனால் குண்டைப் பூமி மட்டும் இழுக்கவில்லை. பக்கத்திலிருக்கும் சுவரும் இழுக்கிறது, கொத்தனாரும் இழுக்கிறார், தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் இழுக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் நீண்டு போவதாக மிகையாக வைத்துக் கணக்குப் போட்டாலும், பத்தடி நூலின் நுனி சுவரை நோக்கி நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கொத்தனார் அதைப் பொருட்படுத்தாதது நியாயம். ஆனால் அது பூஜ்யம் இல்லை.

1687இல் வெளியான ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் சொன்னது இதைத்தான். எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இரண்டின் நிறைகளையும் பெருக்கினால் வரும் அளவுக்கு இழுப்பு கூடும். இடையிலுள்ள தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒன்றின் நிறை இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. தொலைவு இரண்டு மடங்கானால் இழுப்பு கால்வாசி, பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. தேர்வில் மதிப்பெண் வாங்க இவ்வளவு போதும். என்னை உறுத்திக்கொண்டிருப்பது இந்த விதியின் வேறொரு குணம். நிறையையும் தொலைவையும் கலந்து ஒற்றை எண்ணாகக் கையில் கொடுத்துவிட்டு, அது எப்படி வந்தது என்ற தடத்தை அது அழித்துவிடுகிறது. ஒரு பாறையை எடுத்துவிட்டு, நான்கு மடங்கு நிறையுள்ள இன்னொன்றை இரண்டு மடங்கு தொலைவில் வையுங்கள். குண்டுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. கிட்டே இருக்கும் சின்னதா, எட்டத்தில் இருக்கும் பெரியதா, யார் இழுத்தது என்று நூலிடம் கேட்டுப் பயனில்லை.

நம் ஊகமும் இந்த விஷயத்தில் நம்பத் தகுந்ததல்ல. சந்திரனை அதிகமாக இழுப்பது யார் என்று கேட்டால் பூமி என்றுதான் வாயில் வரும். சூரியன்தான். பூமியைவிடச் சுமார் 390 மடங்கு தொலைவில் இருந்தும், நிறை 3,33,000 மடங்கு என்பதால் பூமி இழுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது. பூமியும் கூடவே அதே சூரியனை நோக்கி அதே போக்கில் விழுந்துகொண்டிருப்பதால்தான் சந்திரன் நம்மை விட்டுப் போகவில்லை. ஜாதகத்தை மறுப்பவர்கள் இந்த விதியைக் கையில் எடுப்பதும் உண்டு: பிறந்த குழந்தையைச் சனி இழுப்பதைவிட, ஓரடி தள்ளி நிற்கும் செவிலியர் அதிகமாக இழுக்கிறார் என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். செவிலியர் அறுபது கிலோ என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வாதம் சரி. ஆனால் வியாழனை வைத்துப் போட்டால் செவிலியர் தோற்கிறார், அதுவும் சில மடங்கு வித்தியாசத்தில். குரு பலம் என்று யாராவது கிளம்பிவிடக்கூடாதே என்பதால் இதை வெளியே சொல்வதில்லை போலும்.

ஒரு மலை தூக்குநூலைக் கண்ணுக்குத் தெரியும்படி இழுக்குமா என்று நியூட்டனே கணக்குப் போட்டார். மூன்று மைல் உயரமும் ஆறு மைல் அகலமும் கொண்ட அரைக்கோள மலைகூட நூலை இரண்டு கலைக்கு மேல் திருப்பாது என்பது அவர் விடை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. ஒரு விகலைச் சாய்வு ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஐந்து மில்லிமீட்டர்கூட வராது. அளக்க முடியாது என்று நியூட்டன் கைவிட்டதை 1738இல் பியர் பூகேர் இன்றைய ஈக்வடாரிலுள்ள சிம்பொராசோ எரிமலையில் அளந்து பார்த்தார். கடுங்குளிரிலும் காற்றிலும் எடுத்த அளவு. விலகல் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவரே அதை முடிந்த வேலையாகக் கருதவில்லை.

1774இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்திலுள்ள ஷிஹாலியன் மலைக்குப் போனார். தனித்து நிற்கும் மலை, ஓரளவு ஒழுங்கான வடிவம், வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தான சரிவு. பரிசோதனைக்கென்று செய்துவைத்தாற்போல் இருந்ததால்தான் அதைத் தேர்ந்தார்கள். தென்சரிவில் சில வாரங்கள், வடசரிவில் சில வாரங்கள் கூடாரமடித்துத் தலைக்கு மேலே கடக்கும் நட்சத்திரங்களை அளந்தார். தலைக்கு நேர்மேல் எது என்பதைத் தூக்குநூல்தான் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களுக்கும் இடையே தரையை அளந்து பார்த்தால் அட்சரேகையில் 43 விகலை வித்தியாசம் வர வேண்டும். நட்சத்திரங்கள் 54.6 என்றன. இரண்டு பக்கமும் நூல் மலையின் பக்கம் ஒதுங்கியிருந்தது, மொத்தம் 11.6 விகலை.

மலை எவ்வளவு இழுத்தது என்பது இப்படித் தெரிந்துவிட்டது. பூமி எவ்வளவு இழுக்கிறது என்பதும் தெரியும். மலையின் நிறை தெரிந்தால் பூமியின் நிறை வந்துவிடும். சார்லஸ் ஹட்டன் என்ற கணிதர் மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பருமனையும் தொலைவையும் கணக்கிட்டார். ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்தால் வேலை சுலபமாகும் என்று கண்டார். இன்று நிலவரைபடங்களில் இருக்கும் சமஉயரக் கோடுகள் இவைதாம். விடை: பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 4.5 மடங்கு. மலையின் பாறை இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்ட விடை அது. அந்த ‘வைத்துக்கொண்ட’தில்தான் சிக்கல். மலைக்குள் எந்தப் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று யாரும் வெட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாத ஏற்பாட்டைச் செய்தவர் ஹென்றி கேவண்டிஷ். இழுப்பவரைத் தானே கொண்டுவந்து வைத்தார். ஜான் மிச்சல் என்ற பாதிரியார் செய்துவைத்துவிட்டு இறந்துபோன கருவியைத் திருத்தி, 1797–98இல் லண்டனை ஒட்டிய கிளாப்பமில் தன் வீட்டு வளாகத்தில் நிறுவினார். ஆறடி மரத்தண்டு ஒரு மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்குகிறது. அதன் இரு முனையிலும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஈயக்குண்டு. பக்கத்தில் ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக்குண்டுகள். பெரியவற்றை நகர்த்தினால் சிறியவை அவற்றின் பக்கம் ஒதுங்கிக் கம்பியை முறுக்கும். குண்டுகளுக்கிடையே உள்ள இழுப்பு ஒரு மணல்துகளின் எடையளவுதான். ஆள் உள்ளே இருந்தால் உடம்புச் சூட்டில் காற்று அசைந்து எல்லாம் கெடும். அதனால் அறையை மூடிவிட்டு, வெளியே நின்று கயிற்றால் குண்டுகளை நகர்த்தி, சுவரில் போட்ட துளை வழியே தொலைநோக்கியில் பார்த்தார். மனிதர்களை, முக்கியமாகப் பெண்களை, நேரில் பார்க்கவே கூசிய மனிதர் அவர். வெளியே நின்று பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. அவர் கண்ட அடர்த்தி 5.48. இன்றைய மதிப்பு 5.51.

நிறையும் தெரியும், தொலைவும் தெரியும், இழுப்பை மட்டும் அளந்தால் போதும் என்ற வசதி கேவண்டிஷுக்கு இருந்தது. அந்த வசதி ஆய்வறைக்கு வெளியே யாருக்கும் கிடைப்பதில்லை. அதை அடித்துச் சொன்ன இடம் இந்தியா.

1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் பன்னிரண்டு கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் விரிந்த பெரும் நிலஅளவை தொடங்கியது. (1808இல் கோணம் அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிய கதையைச் சொன்னால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.) லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த முக்கோணக் கோட்டை வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை இழுத்துச் சென்றார். அதில் இரண்டு நிலையங்கள்: மத்திய இந்தியாவில் சிரோஞ்சுக்கு அருகே கலியான்பூர். வடக்கே முசாஃபர்நகர் பக்கம் கலியானா. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். முக்கோணக் கணக்கின்படி அட்சரேகை வித்தியாசம் 5 பாகை 23 கலை 42.294 விகலை. நட்சத்திரக் கணக்கின்படி 5 பாகை 23 கலை 37.058 விகலை. இடிப்பது 5.236 விகலை, தரையில் சுமார் 160 மீட்டர். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் பெரிய பிழையா என்று தோன்றலாம். விகலையைப் பத்தில் நூறில் பிரித்து அளந்த அந்தக் கூட்டத்துக்கு அது மானக்கேடு. எவரெஸ்ட் அதை அளவைப் பிழையாக எடுத்துக்கொண்டு கோடு நெடுக நிரவிவிட்டார்.

கல்கத்தாவில் ஜான் ஹென்றி ப்ராட் என்ற ஆர்ச்டீக்கன் இருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த பாதிரியார். கலியானாவுக்கு வடக்கே இமயம் நிற்கிறதே, அது நூலை இழுக்காதா என்று அவர் கேட்டார். இமயத்தையும் அதற்கப்பாலுள்ள மேட்டுநிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் தொலைவையும் வைத்துக் கூட்டினார். இழுபட்ட நூல் வடக்கே சாயும். அட்சரேகை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். திசை சரியாகப் பொருந்தியது. அளவுதான் பொருந்தவில்லை. கலியானாவில் 27.853 விகலை, கலியான்பூரில் 11.968; வித்தியாசம் 15.885. களத்தில் கிடைத்ததோ 5.236. இமயம் தன் கனத்துக்கு இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. 1855இல் அச்சான அந்தக் கட்டுரையில் ப்ராட்டுக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காததை அவர் மறைக்கவும் இல்லை. பிழையை நிரவிய எவரெஸ்டின் பெயர் சிகரத்தில் ஏறிவிட்டது. கணக்கை இடிக்கவிட்ட ப்ராட்டின் பெயர் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. எனக்கு ப்ராட்டைத்தான் அதிகம் பிடிக்கிறது.

சில வாரங்களில் லண்டனிலிருந்து அரச வானியலாளர் ஜார்ஜ் பிடல் ஏரி எழுதினார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது அவர் தொனி. பூமியின் மேலோடு, கனமான குழம்பின்மேல் மரக்கட்டைத் தெப்பம்போல் மிதக்கிறது. ஒரு கட்டை மற்றவற்றைவிட உயரமாகத் தெரிந்தால், அது தண்ணீருக்குள்ளும் அதிக ஆழம் இறங்கியிருக்கிறது என்று பொருள். மலைக்கு அடியிலும் இலேசான பாறை வேர்விட்டு, அங்கே இருக்க வேண்டிய கனத்தை ஒதுக்கியிருக்கிறது. மேலே கூடுதல், கீழே குறைவு. இதில் தொலைவு செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். மலையை ஒட்டி நிற்பவருக்கு மேலேயுள்ள கூடுதல் கிட்டத்தில் இருக்கிறது, அடியிலுள்ள குறைவு எட்டத்தில் இருக்கிறது. அதனால் மலை இழுப்பது தெரியும். தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. வரவும் செலவும் கழிந்து இமயம் இல்லாத மாதிரி ஆகிவிடும். மலை முழுசாக அங்கேயே நிற்கிறது. இழுப்பில் மட்டும் அது கரைந்துவிட்டது.

1859இல் ப்ராட் மாற்று விளக்கம் ஒன்றைத் தந்தார். வேர் எதுவும் இல்லை. குறிப்பிட்ட ஓர் ஆழத்துக்கு மேலே எல்லா இடத்திலும் ஒரே அளவு சரக்குதான். மலை இருக்குமிடத்தில் அது உப்பி இலேசாகியிருக்கிறது, அவ்வளவுதான். தூக்குநூலைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டும். அகலமான குறைவு ஆழமில்லாமல் பரவிக் கிடந்தாலும், இறுகிய குறைவு ஆழத்தில் கிடந்தாலும், மேலே வந்து சேரும் எண் ஒன்றாகவே இருக்கக்கூடும். இந்த வழக்கைத் தீர்க்க நூல் உதவாமல், நிலநடுக்க அலைகள்தாம் சாட்சிக்கு வரவேண்டியிருந்தது. திபெத்துக்கு அடியில் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன். சாதாரணமாக நிலப்பகுதிகளில் இருப்பதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இமயத்தில் ஏரி வென்றார். நடுக்கடல் முகடுகளில், பாறை சூட்டால் உப்பியிருக்கும் இடங்களில், ப்ராட் சொன்னது பொருந்துகிறது.

இதே குழப்பம் இன்று ஆகாயத்துக்கு ஏறியிருக்கிறது. 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கனமான பகுதியை நெருங்கும்போது முன்னே போவது முதலில் இழுபடும். இடைவெளி ஒரு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவாக மாறினாலும் கருவி பதிந்துகொள்ளும். 2002 முதல் 2008 வரையிலான அந்தப் பதிவிலிருந்து ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா பகுதி 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்திருப்பதாக 2009இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நமக்குப் பழக்கமான கணக்கில் சுமார் 3,850 டி.எம்.சி. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் உறிஞ்சியதை மேலே பறந்த ஒன்று எடைபோட்டுச் சொன்னது என்ற வியப்பு நியாயமானதுதான். ஆனால் செயற்கைக்கோள் அறிந்தது அங்கே நிறை குறைந்தது என்பதை மட்டும். மண்ணின் ஈரம் குறைந்ததா, அடியிலிருந்த நீர் குறைந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. மண் ஈரத்தை மாதிரிக்கணக்கால் தனியே மதிப்பிட்டுக் கழித்த பிறகு மிஞ்சியதைத்தான் நிலத்தடி நீர் என்று எழுதினார்கள்.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8848.86 மீட்டர் என்று 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. கடல்மட்டத்திலிருந்து என்கிறோம். நேபாளத்தில் கடல் ஏது? கடல்நீர் மலைக்கு அடியில் ஊடுருவி வந்தால் எந்த மட்டத்தில் நிற்கும் என்று கற்பனை செய்துதான் அளக்க வேண்டும். அந்தக் கற்பனை நீரையும் மலை இழுக்கும். அது எவ்வளவு என்று தெரிய அங்கங்கே ஈர்ப்பை அளக்க வேண்டும். கடலின் மேற்பரப்பு உலகம் முழுக்க ஒழுங்கான உருண்டையாக இல்லை. இழுப்பு மிகுந்த இடத்தில் நீர் மேடிட்டும், குறைந்த இடத்தில் தாழ்ந்தும் கிடக்கிறது.

பூமியிலேயே மிகத் தாழ்ந்த கடற்பரப்பு நமக்குத் தெற்கே, இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தாண்டிய இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கணக்கில் இருக்க வேண்டிய மட்டத்தைவிட 106 மீட்டர் கீழே. 1948இல் வெனிங் மெய்னெஸ் என்ற டச்சுக்காரர், கடலில் எடுத்த ஈர்ப்பு அளவுகளிலிருந்து இதைக் கண்டார். அப்படிச் சொன்னதும் கடலில் ஒரு கிண்ணம் கிடப்பதாகவும், கப்பல் அதற்குள் சறுக்கி இறங்குவதாகவும் தோன்றும். சறுக்காது. அங்கே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே நிற்கும். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவிலேயே நிற்கும். அதைக் கடலடிப் பள்ளம் என்று நினைப்பதும் சரியில்லை. குமரிக்கண்டத்தோடு முடிச்சுப்போட ஆசைப்படுபவர்கள் ஏமாறவேண்டியதுதான்.

அங்கே நிறை ஏன் குறைவு என்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல விளக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பள்ளத்தை மேலோட்டமான சிறு குறைவும் உண்டாக்கலாம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பெருங்குறைவும் உண்டாக்கலாம். 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் பூமியின் உள்ளோட்டத்தைப் பல கோடி ஆண்டுகளுக்குக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது அதற்கு முன்னிருந்த டெதிஸ் கடலின் தரை உள்ளே மூழ்கியது. மூழ்கிய பாளங்கள் ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடக்கும் சூடான பெருந்திரளைக் கிளப்பிவிட்டன. அதிலிருந்து எழுந்த இலேசான குழம்பு இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் வந்து படர்ந்தது என்பது அவர்கள் சொல்வது. மொத்தம் 19 மாதிரிகள் ஓட்டினார்கள். கடலில் உள்ள அதே வடிவத்தில் பள்ளம் விழுந்தது ஆறில்தான். அந்த ஆறிலும் சூடான குழம்பு மேலேறியிருந்தது.